பத்து நிமிஷ வேலை

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மலேசியாவில் கோலசிலாங்கூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியனாக இருந்தேன். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. டவுனுக்கு வெளியே ஒரு தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், மாடியில்லாத வரிசை வீடு. அந்த வீட்டில் கார் நிறுத்தும் இடத்தைப் பலகை அடித்து அடைத்து, உள்ளே பழைய விளையாட்டு மெஷின்களைச் சேர்த்து வைத்திருந்தேன். எங்களிடம் கார் கிடையாது. மனைவி அங்கே தையல் மெஷினைப் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். என் மெஷின்கள் வந்ததும் அவளுடையது சமையலறைக்குப் போயிற்று. அதைக்கூட நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

மொத்தம் நான்கு மெஷின்கள். நான்காவதை எப்படி அடைந்தேன் என்பதை இதுவரை நான் எழுதியதில்லை. மறந்துபோய் எழுதாமல் இருக்கவில்லை.

விளையாட்டு மெஷின் என்றால் இப்போது எல்லாருக்கும் திரைதான் நினைவுக்கு வரும். நான் சேர்த்தவற்றில் திரை இல்லை. மரப்பெட்டிக்குள் மோட்டார், சங்கிலி, சின்னச் சின்ன பல்புகள், நூற்றுக்கணக்கில் ரிலேக்கள், அதாவது கரண்டில் இழுபடும் சின்ன சுவிட்சுகள். ஒரு காசைப் போட்டால் ஒரு ரிலே இழுக்கும், அது இன்னொன்றை இழுக்கும், மோட்டார் சுற்றும், மணி அடிக்கும். எங்கள் எக்ஸ்சேஞ்சிலும் அதே சமாசாரம்தான். ஓர் அறை முழுக்க ரிலேக்கள் நாள் பூராவும் டக்டக்கென்று தட்டிக்கொண்டிருக்கும். ஒரு எஸ்டேட் கிளப்பில் டெலிபோன் பழுது பார்க்கப் போனபோது மூலையில் கிடந்த, குண்டு உருட்டி ஆடும் பின்பால் மெஷினின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தெரிந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

அதே கிளப்பில் ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகை கிடந்தது. அதில், வசதியானவர்கள் இந்த மாதிரி மெஷின்களை வாங்கி வீட்டில் தனி அறையில் வைப்பதாகவும், சிலது ஒரு மோட்டார் சைக்கிள் விலைக்குப் போவதாகவும் எழுதியிருந்தது. கணக்கு எழுதும் கிராணியிடம் கேட்டு அந்தப் பத்திரிகையை வாங்கி வந்து மனப்பாடம் ஆகும்வரை படித்தேன். மெஷின் ஓடுகிறதா என்று முதலில் பார்க்கக் கூடாது, ஓட வைத்துக்கொள்ளலாம். கண்ணாடியில் தீட்டிய படம் உரிந்திருக்கிறதா, பெட்டியின் வர்ணம் பழைய வர்ணம்தானா, யாராவது மேலே பூசியிருக்கிறார்களா, காசுப் பெட்டியின் சாவி இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே மடித்து வைத்த வயரிங் படம் இருக்க வேண்டும். அது இருந்தால் விலை எங்கேயோ போய்விடும். அதன் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் என் கண் இதைத்தான் தேடியது. சாப்பாட்டைப் பார்ப்பதற்கு முன் மூலைகளைப் பார்ப்பேன்.

முதல் இரண்டு மெஷின்களையும் ஒழுங்காகத்தான் வாங்கினேன். மூன்றாவது அசல் விலைக்கு வரவில்லை. ஒரு கோப்பிக் கடைக்காரரிடம், "இது பழசாகிப் போச்சு, இனிமே யாரும் ஆட மாட்டாங்க" என்று சொல்லிச் சொல்லியே விலையைக் குறைத்தேன். அதில் பொய் பாதிதான். வியாபாரத்தில் இதெல்லாம் நடக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அந்தப் பாதி சுலபமாகப் போனதால்தான் அடுத்ததற்கு முழுப் பொய் வந்தது.

சபாக் என்ற ஊரில் ஒரு பாய் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். ஐம்பது வயசிருக்கும். தமிழ்நாட்டில் கடலோர ஊர். குடும்பம் அங்கே, இவர் இங்கே. வடக்கே உள்ள சின்ன எக்ஸ்சேஞ்சுகளைப் பார்க்க மாதம் இரண்டு தடவை போகும்போதெல்லாம் அவர் கடையில்தான் எனக்குச் சாப்பாடு. ஒரு தடவை அவருடைய டெலிபோன் ஒரு வாரமாகச் செத்துக் கிடந்ததை நான் சரிசெய்து கொடுத்தேன். அன்றிலிருந்து என்னிடம் காசு வாங்க மாட்டார். நான் நோட்டை நீட்டினால், "வைங்க தம்பி, வீட்டுல சாப்பிட்டா காசு குடுப்பீங்களா?" என்பார்.

கடைக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதையில், எங்கள் பக்கம் அஞ்சடி என்போம், ஒரு நீர்மூழ்கி மெஷின் நின்றது. கப்பலில் இருப்பது போல ஒரு பெரிஸ்கோப். அதில் கண்ணை வைத்தால் இருட்டில் கடல் தெரியும். தூரத்தில் கப்பல்கள் சங்கிலியில் மெதுவாக நகரும். கட்டை விரலால் பொத்தானை அழுத்தினால் தண்ணீருக்குள் வெளிச்சக் கோடு ஒன்று ஓடிப்போய்க் கப்பலைத் தொடும். தொட்டால் சிவப்பு வெளிச்சம், டும் என்று சத்தம். லோரி டிரைவர்கள் சாயங்காலம் வரிசையில் நிற்பார்கள். பகல் கூட்டம் கலைந்ததும் பாயே சட்டைக்கையை மடித்துக்கொண்டு இரண்டு ஆட்டம் ஆடுவார். சரியாகச் சுடத் தெரியாது. குறி தப்பினால் தனக்குத் தானே சிரித்துக்கொள்வார்.

ஒரு நாள் நான் போனபோது மெஷின் நின்று போயிருந்தது. காசு போட்டால் விழுகிறது, ஒன்றும் நடப்பதில்லை.

"தம்பி, நீங்க கொஞ்சம் பாருங்களேன்" என்றார் பாய்.

பின்கதவைத் திறந்தேன். திறந்ததுமே இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, கதவின் உட்பக்கத்தில் காகித உறைக்குள் வயரிங் படம், புதுசு போல. இன்னொன்று, காசு விழுந்ததும் இழுக்க வேண்டிய ரிலேயின் காண்டாக்ட் முனைகள், கரண்டு கடக்கும் இடம். எண்ணெய்ப் புகை படிந்து கறுத்திருந்தன. சாப்பாட்டுக்கடை வாசலில் நிற்கும் மெஷினுக்கு வேறென்ன வரும்? காண்டாக்ட் தேய்க்கும் மெல்லிய தகடு அப்போதும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எக்ஸ்சேஞ்சில் தினமும் அதுதான் வேலை.

நான் கதவை மூடினேன்.

"மோட்டார் எரிஞ்சு போச்சு பாய்."

"செய்ய முடியாதா?"

"இந்த மோட்டார் இப்ப வர்றதில்ல. கம்பெனியே விட்டுட்டான்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பொய்க்கு ஒரு காரணம் இருந்தால்தான் நிற்கும் என்று தோன்றியது. "யாரோ ராத்திரி பூரா சுவிட்ச அணைக்காம விட்டிருக்காங்க. சூட்டுலயே வெந்துருச்சு."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். பாயின் ஊர்க்காரர், நாற்பது தாண்டியவர், கடை மூடும்போது எல்லா சுவிட்சையும் அணைப்பது அவர் பொறுப்பு. "நான் அணைச்சுட்டுத்தானே பாய் போனேன்?" என்றார். பாய் அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு என் முன்னால் இருந்த டீயைக் குடித்தேன்.

"என்ன செய்யலாம் இத?" என்று பாய் கேட்டார்.

"பழைய சாமானுக்குத்தான் போகும். எனக்குக் குடுத்தீங்கன்னா உதிரிக்கு வச்சுக்குவேன்."

"எடுத்துக்கங்க தம்பி. குப்பைக்குப் போறது உங்களுக்காவது ஆகட்டும்." ஐம்பது வெள்ளி நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். அவர் வாங்கத் தயங்கி, பாதியைத் திருப்பிக் கொடுத்தார். காய்கறி ஏற்றும் தன் லோரியிலேயே அடுத்த நாள் அனுப்பியும் வைத்தார்.

லோரி வந்தபோது சாயங்காலம் ஆறு மணி இருக்கும். டிரைவரும் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து இறக்கினோம். அவர்கள் போனதும் பின்கதவைத் திறந்தேன், தகட்டை எடுத்தேன். மனைவி உலையை வைத்துவிட்டு வந்து வாசலில் நின்று பார்த்தாள். காசு போட்டேன். கப்பல்கள் நகர ஆரம்பித்தன.

"கெட்டுப் போச்சுன்னு சொன்னீங்க?"

"சின்ன வேலைதான்."

"அவருகிட்ட சொன்னீங்களா?"

"அவரு திரை வச்ச டிவி மெஷின் வாங்கப் போறாரு. இது அவருக்கு வேணாம்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, பதிலை வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கத் தெரிந்தவள். அவள் பேசாமல் இருந்ததை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சபாக் போகும்போது நான் வேறு கடையில் சாப்பிட்டேன். அந்தத் தெருப்பக்கமே வண்டியை விடவில்லை.

எட்டு மாசம் கழித்துத் தீபாவளி வந்தது. எங்கள் ஊரில் தீபாவளிக்கு வீட்டுக் கதவு திறந்தேதான் இருக்கும், யார் வேண்டுமானாலும் வரலாம். எக்ஸ்சேஞ்சில் என்னோடு வேலை செய்தவர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள், அவர்களுடைய பிள்ளைகள். அடைத்த கார் நிறுத்துமிடத்துக்குள் விளக்கெல்லாம் போட்டு நான்கு மெஷின்களையும் ஓடவிட்டிருந்தேன். பிள்ளைகளைத் தொடவிடவில்லை. "பெரியவங்க மட்டும்" என்று சொல்லியிருந்தேன்.

அந்த நேரத்தில், கையில் ஒரு பிஸ்கட் டின்னோடு, சபாக் பாய் வாசலில் வந்து நின்றார். பஸ் பிடித்து வந்திருந்தார். வீட்டை லோரி டிரைவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.

"என்ன தம்பி, கடைப்பக்கமே காணோம்? நானாவது வந்து பாப்போம்னு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றியவர், டும் என்ற சத்தம் கேட்டு அப்படியே நின்றார். என்னோடு வேலை செய்யும் ஒருவர் பெரிஸ்கோப்பில் கண்ணை வைத்து ஆடிக்கொண்டிருந்தார்.

"தம்பி! இது என் மெஷினா? ஓடுதா?"

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிட்டே போய்ப் பெட்டியைத் தடவினார். "மாஷா அல்லாஹ்! செத்துப் போச்சுன்னு விட்டத எழுப்பி உக்கார வச்சிருக்காரு பாருங்க. மோட்டாரே எரிஞ்சு போயிருந்துச்சுங்க!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என்னோடு வேலை செய்தவர்களில் ஒருவர், "அப்படியா? எத்தன நாள் வேலைலா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். சிரித்துச் சமாளித்திருக்கலாம். என் வாய் தானாகச் சொன்னது: "மூணு மாசம். மோட்டார முழுசா பிரிச்சு, செம்புக் கம்பிய நானே கையால சுத்துனேன்."

அவர்கள் முகத்தில் தெரிந்த வியப்பு எனக்கு இனிப்பாக இருந்தது. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். முறுக்குத் தட்டோடு வந்த மனைவி, தட்டை அருகில் இருந்த பின்பால் மெஷினின் கண்ணாடி மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கண்ணாடி மேல் எதையும் வைக்கக் கூடாதென்று அவளிடம் நூறு தடவை சொல்லியிருந்தேன்.

எல்லாரும் போன பிறகு அவள் கேட்டாள்: "கம்பி சுத்துனீங்களா? நான் பாக்கலயே."

"அத்தன பேரு முன்னால வேற என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாம இருந்திருக்கலாம்லா."

ஒரு மாசம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாய் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை கையில் ஒரு துணிப்பொட்டலம். ஊருக்குச் சொல்லி அனுப்பி, வந்த மைத்துனர் கையில் வரவழைத்ததாம். எனக்கு ஒரு நல்ல கைலி, மனைவிக்கு மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை.

"மூணு மாசம் தூக்கம் முழிச்சு வேலை செஞ்சிருக்கீங்க. நீங்க முழிச்சா தங்கச்சியும்தானே முழிச்சிருக்கும்? எனக்கு மனசு கேக்கல" என்று சேலையை அவளிடம் நீட்டினார்.

அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அண்ணே, இத நான் வாங்க மாட்டேன்."

"ஏம்மா? நிறம் புடிக்கலையா?"

"நிறம் நல்லாத்தான் இருக்கு. இவரு மூணு மாசமெல்லாம் ஒண்ணும் செய்யல. லோரியிலேருந்து எறக்குன அன்னிக்கே பின்னால தொறந்தாரு. ஒரு தகட்ட வச்சு ரெண்டு தேய் தேச்சாரு. நான் உல வச்சுட்டு வந்து பாத்தேன். பத்து நிமிசம் இருக்கும். சோறு வேகறதுக்குள்ள ஓடுச்சு."

அவள் குரலில் கோபமே இல்லை. அன்றைக்கு என்ன சமைத்தாள் என்று சொல்வது போலத்தான் சொன்னாள். பாய் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி?"

அப்போதும் ஒரு பொய் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. முதலில் அப்படி ஓடியது, பிறகு நின்றுவிட்டது, அதற்கப்புறம்தான் மூன்று மாசம் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். மனைவி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். நான் ஆமென்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் சேலையை மடித்த மடிப்புக் கலையாமல் திரும்பப் பொட்டலத்தில் வைத்தார். கைலியையும் எடுத்து வைத்தார். பொட்டலத்தை ஓரமாக வைத்துவிட்டு, "எது? காட்டுங்க" என்றார்.

மெஷினின் பின்கதவைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அரிசி மணி அளவு கூட இல்லாத இரண்டு முனைகள்.

"இவ்வளவுதானா?"

"ஆமா பாய்."

"என்னா அழுக்கு?"

"அடுப்புப் புகை. எண்ணெய்."

"என் கடைப் புகை." அவர் நிமிர்ந்தார். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. "அப்ப அவன் அணைச்சுட்டுத்தான் போயிருக்கான், இல்லையா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் டீ ஆற்றியவரின் முகம் நினைவுக்கு வந்தது.

"அந்த வாரமே அவன அனுப்பிட்டேன் தம்பி. பன்னெண்டு வருசம் எங்கிட்ட இருந்தவன். அணைச்சேன் அணைச்சேன்னு சத்தியம் பண்ணுனான். கவர்மெண்டு தம்பி, படிச்சவரு, உள்ள தொறந்து பாத்துட்டு சொல்றாரு. நீ சொல்றதையா நம்புறதுன்னு கேட்டேன். வார்த்தை முத்திப் போச்சு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப அசாம் ஜாவாவுல ஒரு கடையில இருக்கானாம். இங்கேருந்து பக்கந்தானே? வாங்க, போவோம்."

"இப்பவேவா?"

"பின்ன எப்ப?"

என் மோட்டார் சைக்கிளில் போனோம். அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். என் தோளைப் பிடிக்கவில்லை, பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். மேடு பள்ளம் வந்தபோதும் பிடிக்கவில்லை.

அசாம் ஜாவா கடையில் நல்ல கூட்டம். ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. பாய் அனுப்பிவிட்டவர் முன்னால் நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கை ஒரு நொடி நின்றது, பிறகு ஓடியது. பாய் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, "தம்பி உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றார்.

நான் சொன்னேன். டீ ஆற்றியவர் காதைத் திருப்பி, "கேக்கல. சத்தமா சொல்லுங்க" என்றார். வேண்டுமென்று செய்யவில்லை. ரேடியோ சத்தத்தில் நிஜமாகவே கேட்கவில்லை.

மறுபடியும் சொன்னேன். "மெஷின்ல மோட்டார் எரியல. நான் பொய் சொன்னேன். நீங்க அணைச்சுட்டுத்தான் போனீங்க." என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. இரண்டு மேஜைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் தாமான்காரர்.

அவர் ஆற்றிய டீயைக் கிளாசில் ஊற்றி, தட்டில் வைத்துத் தள்ளினார். "அது எனக்குத் தெரியுமே" என்றார். "அணைச்சவன் நாந்தானே."

பாய் முன்னால் போய் அவர் கையைப் பிடித்தார். "மாப்புக் கேக்குறேன்டா. உன்ன நம்பாம போயிட்டேன்." அவர் அவசரமாகத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பாயின் கையைப் பற்றிக்கொண்டார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பலகாரம் அடுக்கிய கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"திரும்பி வந்துடு" என்றார் பாய்.

"வேணாம் பாய். இங்க நல்லாத்தான் வச்சிருக்காங்க. ரெண்டு மாசம் வேலை இல்லாம கிள்ளான்ல சொந்தக்காரங்க வீட்டுல கெடந்தேன். அப்ப கூப்புட்டது இவங்கதான். விட்டுட்டு வரக் கூடாது." பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, உங்களுக்கு அது வேணும்னா பாய்கிட்ட கேட்டிருக்கலாமே? அவரு அந்த எடத்துல டிவி மெஷின் வைக்கணும்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருந்தாரு. வாயத் தொறந்து கேட்டிருந்தா சும்மாவே தூக்கிக் குடுத்திருப்பாரு."

பாய் மறுத்துப் பேசவில்லை. அது உண்மை. என்னிடம் பேச்சுவாக்கில் அவரே இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். மனைவியிடம் நான் அதையே சாக்காகச் சொன்னேன். அவரிடம் கேட்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை. கேட்டால் அதன் மதிப்பு அவருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அவர் அப்படிக் கணக்குப் பார்க்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒன்பது மாசத்துக்கு முன்பும் தெரியும்.

திரும்பும்போது பாய் என் வண்டியில் ஏறவில்லை. "பஸ்ஸுல போய்க்கிறேன்" என்றார். மெஷினைக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். "வேணாம் தம்பி. அது வாசல்ல நின்னா எனக்குத் தினம் அவன் ஞாபகந்தான் வரும்."

அப்படியும் நான் விடவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு லோரியை வாடகைக்குப் பிடித்து மெஷினை ஏற்றிக்கொண்டு சபாக் போனேன். பாய் கடை வாசலுக்கு வந்து லோரியைப் பார்த்தார். இறக்க வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார். ஆனால் எங்களை உட்காரச் சொல்லி, லோரிக்காரருக்கும் எனக்கும் சோறு போட்டார். மீன் துண்டு வழக்கம்போலப் பெரிதாகவே இருந்தது. சாப்பிட்டு எழுந்ததும் பழக்கத்தில் நோட்டை நீட்டினேன். அவர் வாங்கினார். மிச்சக் காசை எண்ணி என் உள்ளங்கையில் வைத்தார். "நன்றி தம்பி" என்றார். வேறு எந்த வாடிக்கைக்காரரிடமும் அப்படித்தான் சொல்வார்.

மெஷின் மறுபடியும் வீட்டுக்கு வந்தது. நான் அதை ஓடவிடவில்லை. ஒரு போர்வையை மூடி வைத்தேன்.

அதற்குச் சில மாதம் கழித்து, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, கோலாலம்பூரிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். பங்களாவில் விளையாட்டு அறை கட்டுகிறாராம். மற்ற மூன்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போர்வையை விலக்கினார். கண்ணாடியைப் பார்த்தார், வர்ணத்தைப் பார்த்தார், வயரிங் படத்தை விரித்துப் பார்த்தார். நான் சபாக்கில் பார்த்த அதே வரிசையில் பார்த்தார். பிறகு ஒரு விலை சொன்னார். என் நாலு மாசச் சம்பளம். அடுத்த வாரம் வாருங்கள் என்றேன். அந்தப் பணத்தை அசாம் ஜாவாக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன்.

"குடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. அவள் காத்திருந்து பார்த்துவிட்டு, அந்த வாரமே அவளுடைய அண்ணனை வரவழைத்து, மெஷினை அவள் பிறந்த எஸ்டேட் மண்டபத்துக்கு அனுப்பிவிட்டாள். நான் வேலையிலிருந்து வந்து பார்த்தபோது சிமெண்டில் நாலு கால் தடம் மட்டும் இருந்தது. அங்கே பிள்ளைகள் காசு போடாமலேயே ஆடினார்களாம். ஒரு வருஷத்துக்குள் பெரிஸ்கோப் கைப்பிடி உடைந்து, அப்புறம் ஒவ்வொன்றாகப் போயிற்று என்று கேள்விப்பட்டேன். பழுது பார்க்க என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. மற்ற மூன்றையும் கோலாலம்பூர்க்காரருக்கே விற்றேன். மூன்றாவது மெஷினில் நான் குறைத்த தொகையைக் கோப்பிக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நான் எதற்குக் கொடுக்கிறேன் என்று புரியாமல், நான் ஏதோ குடித்துவிட்டு வந்ததாக நினைத்து, ஒரு கோப்பி போட்டுக் கொடுத்தார்.

எக்ஸ்சேஞ்சில் மட்டும் அந்த மூன்று மாசக் கதை நின்றுகொண்டே இருந்தது. புதிதாக யார் வேலைக்கு வந்தாலும், "இவருகிட்ட கத்துக்கலா, எரிஞ்ச மோட்டார கையால சுத்தி ஓட வச்ச ஆளு" என்பார்கள். இரண்டு வருஷம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரம், இனித் தாங்காது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தகடு, பத்து நிமிஷம், வேலை போன மனிதர், ஒன்று விடாமல்.

தீபாவளி அன்று "எத்தன நாள் வேலை" என்று கேட்டவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "ஐயோ, கெட்டிக்காரன்லா நீ! ஒரு தகட்ட வச்சு முழு மெஷினையே தூக்கிட்டு வந்துட்டியே!" மற்றவர்களும் சிரித்தார்கள். ஒருவர் என் முதுகில் தட்டினார்.

நானும் சிரித்தேன். அவர்களோடு சேர்ந்து சிரிக்க வேண்டியிருந்ததால் சிரித்தேன் என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. முதுகில் அந்தக் கை பட்டபோது, ஒரு நிமிஷம், எனக்கு நன்றாகத்தான் இருந்தது.